முதலில் குறையைக் காட்டுவார்

கந்தப்பளை பஜாரில் எங்கள் புடவைக்கடையின் முன்பக்கத்தை ஒரு பலகையால் மறித்து, அந்தச் சிறிய இடத்தை வெள்ளி வேலை செய்யும் ஒரு அக்காவுக்கு விட்டிருந்தோம். பித்தளையோ செம்போ எஃகோ, என்ன சாமானைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அதன் மேல் வெள்ளித் தகட்டில் வெட்டிய கொடியைப் படரவிட்டுத் திருப்பித் தருவார். பெல்ட் பக்கிள், பாக்குவெட்டி, கைத்தடியின் பூண், குங்குமச் சிமிழ், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடி என்று அவர் கையால் கொடி ஏறாத சாமான் குறைவு. பஜாரில் எல்லோரும் அவரை வெள்ளிக்கார அக்கா என்றார்கள். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

முடிந்த வேலையை ஒப்படைப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. மேசையில் கறுப்புத் துணியை விரிப்பார். சாமானை அதன் நடுவில் வைப்பார். வாங்க வந்தவர் நன்றாயிருக்கிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அதிலுள்ள குறையைச் சுட்டுவிரல் நகத்தால் தொட்டுக் காட்டுவார்.

"மொதல்ல இந்த எடத்தப் பாருங்க. மூணாவது சுருள் உள்ள திரும்புதுல்ல, அங்க அறுக்கிற வாள் கொஞ்சம் வழுக்கிருச்சு. சுருள் கோழிமுட்ட மாதிரி ஆயிருச்சு. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

ராகலைப் பக்கம் மரக்கறி லொறி வைத்திருக்கும் ஒரு முதலாளி இப்படித்தான் தன் பக்கிளை வாங்கிக்கொண்டு போனார். சில நாட்கள் கழித்து அதே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அக்கா, நீங்க காட்டாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இப்பக் குனிஞ்சா அந்த முட்டச் சுருள் மட்டுந்தான் தெரியுது. சாப்பிட உக்காந்தாலும் அதுதான் கண்ணுல படுது."

"நல்ல சேதிதானே மொதலாளி. குனிஞ்சா பக்கிளே தெரியலன்னு அளவெடுக்கிறப்ப சொன்னீங்க. வயிறு கொறஞ்சிருச்சு போல."

முதலாளி சிரித்துவிட்டார். ஆனால் எல்லோரும் அவரைப் போல இல்லை. சிலர் முகம் சுருங்கிப் போனார்கள். சிலர் மறுமுறை நுவரெலியாவில் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். வாடிக்கை போனதைப் பற்றி அக்கா கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. அந்தப் பழக்கம் கவலையாக மாறியது அவருடைய வீட்டில்தான். அவருக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணின் கல்யாணம் அம்மாவின் இந்தப் பழக்கத்தில் போய் மாட்டிக்கொண்டது. அதைச் சொல்வதற்கு முன் அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் கொடியை வரைந்து அதை வெள்ளித் தகட்டின் மேல் ஒட்டுவார். சுருள்களுக்கு இடையே சிறு துளைகள் போட்டு, தலைமயிர் போன்ற வாளைத் துளைக்குள் நுழைத்து, கோட்டை விட்டு விலகாமல் அறுத்துக்கொண்டே போவார். வாள் அசையாதது போலத் தோன்றும். மறு கையிலிருக்கும் தகடுதான் வாளைச் சுற்றித் திரும்பும். அறுத்து முடித்த கொடியின் முதுகில், ஒட்டவைக்கும் உலோகமான பற்றாசை உருக்கிப் பூசுவார். பிறகு பக்கிளை உரசிச் சுத்தம் செய்து, வெங்காரத் தண்ணீர் தடவி, கொடியை அதன் மேல் கிடத்தி, நெருப்பைக் காட்டுவார். பற்றாசு மறுபடி உருகி, கொடியின் ஓரமெங்கும் ஒரு பளிச்சென்ற கோடு ஓடும். அந்த நேரத்தில் நெருப்பை விலக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் காட்டினால் வெள்ளியே கரைந்து ஓடிவிடும்.

இந்தப் பற்றவைக்கும் வேலையை அவர் மூடுபனி இறங்கும் நாட்களுக்கு ஒதுக்கி வைப்பார். பனி கடைக்குள் வந்து சேலை அடுக்குகளை மறைக்கும் நாட்கள் எங்களுக்கு நஷ்டம். அவருக்கோ அதுதான் நல்ல நாள். வெளிச்சம் மங்கலாக இருந்தால்தான் சூடேறும் உலோகத்தின் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும் என்பார். அப்படிப்பட்ட நாட்களில் நான் பிளேன்டீயை எடுத்துக்கொண்டு பலகைக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவேன். நெருப்பு எரியும்போது பேசமாட்டார். அணைத்த பிறகு பேசுவார்.

ஒருநாள் கேட்டேன். "ஏன்க்கா, யாருமே கண்டுபிடிக்க முடியாத கொறய எதுக்குத் தேடிப் பிடிச்சுக் காட்டுறீங்க?"

பெரிய காரணம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"என் நிம்மதிக்குத்தான் தங்கச்சி. சொல்லாம குடுத்துட்டா, எப்பப் பாப்பாங்களோ, எப்ப வந்து கேப்பாங்களோன்னு நான் முழிச்சுக் கெடக்கணும். சொல்லிட்டா அது அவங்க பாடு. நான் நல்லாத் தூங்குவேன். எங்க வீட்டுக்காரரு அப்பிடி இல்ல. பாலிஷ் போட்டே எல்லாத்தையும் மறைச்சிருவாரு. தெருவுல பழைய வாடிக்கக்காரரக் கண்டா அடுத்த சந்துல திரும்பிருவாரு."

கணவர் நுவரெலியாவில் ஒரு நகைக்கடையில் வேலை செய்தவர். தகடு அறுக்கும் வேலையை அக்கா அவரிடம் பழகினார். நெருப்பைப் பழகியது அதற்கும் முன்னால், தேயிலை ஃபெக்டரியில் மெஷின் ஃபிட்டராக இருந்த தன் அப்பாவிடம். இருவரும் இறந்துபோயிருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போதும் அவர்களுடைய கைவேலையில் எங்கே பிழை வரும் என்பதைத்தான் அன்போடு நினைவுகூருவார்.

எங்கள் கடைக்கும் இந்தப் பழக்கம் நீண்டது. ஒருமுறை நான் ஒரு சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பலகைக்கு மேலே அவருடைய தலை தெரிந்தது.

"அந்த முந்தானப் பக்கம் ஒரு இழ ஓடியிருக்கு பாருங்கம்மா."

வாங்க வந்த பெண் சேலையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். என் கணவர் பலகையைத் தட்டி, "அக்கா, அந்தப் பக்கம் ஒங்க கட. இந்தப் பக்கம் எங்க கட. எங்க இழ எங்கயாவது ஓடட்டும், விட்டுருங்க" என்றார்.

"சரி தம்பி, இனிமே சொல்ல மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த நீலச் சேலையிலயும் ஒண்ணு இருக்கு" என்றார்.

கல்யாண வீட்டில் பரிசு கொடுக்கும்போதும் அப்படித்தான். எங்கள் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் பித்தளைக் குங்குமச் சிமிழில் வெள்ளி மல்லிகைக் கொடி போட்டு எடுத்து வந்தார். மணமேடையில் வீடியோக்காரர் விளக்கை முகத்தில் அடித்தபடி நிற்க, மணப்பெண்ணின் கையில் சிமிழை வைத்து, "மூடி கொஞ்சம் எறுக்கமா இருக்கும்மா, ஒரு மாசம் தொறந்து மூடினா சரியாப் போயிரும்" என்று பொறுமையாக விளக்கினார். பின்னால் வரிசை நின்றது. அந்த வீடியோவில் அந்தப் பேச்சு முழுதாகப் பதிவாகியிருக்கிறது.

கைபேசி வாங்கிய பிறகு குறை காட்டும் வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. முடிந்த சாமானைப் படமெடுத்து, குறையுள்ள இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பப் பழகிக்கொண்டார். ஹட்டனிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டு, "அந்த வட்டத்தையும் சேத்தே வெள்ளியில போட்டுத் தாங்களேன்" என்று கேலி செய்ததை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரிக்காத ஒரு நாளும் உண்டு. நுவரெலியா ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விடும் ஒருவர், ஏப்ரல் சுற்றுலா சீசனுக்கு முன் தன் குதிரையின் நெற்றிப்பட்டையில் மாட்டும் வட்டச் சாமானைக் கொண்டுவந்தார். பித்தளை என்றார். அக்கா வழக்கம்போல் பின்பக்கம் அரத்தால் ஒரு கீறல் போட்டுப் பார்த்தார். மஞ்சளாகத்தான் இருந்தது. பல நாள் உட்கார்ந்து அதற்கு ஒரு கொடி வெட்டினார். பனி இறங்கிய ஒரு பகலில் நெருப்பைக் காட்டினார். பற்றாசு உருகுவதற்கு முன்பே வட்டம் நடுவில் தொய்ந்தது. பிறகு மெழுகு போல் ஓடியது. மேலே தடிப்பாகப் பித்தளைப் பூச்சு. உள்ளே ஏதோ மலிவான வெள்ளை உலோகம். வெள்ளிக்கொடி அந்தக் குழம்புக்குள் சாய்ந்து பாதி முங்கி நின்றது.

நெருப்பை அணைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, இது ஒங்க தப்பே இல்ல" என்றேன். "பித்தளைன்னு சொல்லிக் குடுத்தது அவரு."

"அது அவரோட கொற. ஆழமா அரம் போடாதது என்னோட கொற. என்னோடதத்தான் நான் சொல்ல முடியும்."

அன்றே போன் செய்து அவரை வரவழைத்தார். கறுப்புத் துணியை விரித்து அந்தக் கட்டியை வைத்தார். குதிரைக்காரர் குனிந்து பார்த்தார். சத்தம் போடப் போகிறார் என்று நான் கல்லாவை விட்டு எழுந்தேன். அவர் கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொழும்புல வாங்கினேன்க்கா. நல்லா ஏமாத்திட்டான். சரி, இதுல ஒரு ஓட்டை போட்டுத் தாங்க. குதிரைக்கு வேணாம், என் பைக் சாவிக்கு மாட்டிக்கிறேன்."

அக்கா ஓட்டை போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது ஓட்டை நடுவில் இல்லை, சற்றே இடப்பக்கம் தள்ளியிருக்கிறது என்று காட்டினார்.

இப்போது மகளைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பெண் நுவரெலியாவில் ஒரு போட்டோகாப்பிக் கடையில் வேலை செய்தாள். கெட்டிக்காரி. வேகமாகப் பேசுவாள், அம்மாவை நன்றாகக் கேலி செய்வாள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலது காது கேட்காது. இடது காதால் எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்வாள். நடக்கும்போது எப்போதும் நம் வலப்பக்கம் வந்து சேர்ந்துகொள்வாள். பல பேருக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

முதலில் நல்லதண்ணியிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் கடை போடுகிறவர்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெண் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். முதல் கிளாஸை ஒருவர் எடுப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"புள்ள நல்ல புள்ள. வலது காது மட்டும் கேக்காது. மொதல்லயே சொல்லிடணும்."

வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்தார்கள். நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

சேதி வராது என்பது உறுதியான பிறகு, ஒரு விடுமுறை நாளில் மகள் கடைக்கு வந்தாள். பலகைக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் என்ன பக்கிளாம்மா? துணிய விரிச்சு வச்சு, இந்த எடத்தப் பாருங்கன்னு காட்டுறீங்க?"

"மறைச்சுக் கட்டிக் குடுக்கச் சொல்றியா?"

"யாரு மறைக்கச் சொன்னா? என் காது. நான் சொல்லிக்கிறேன். எப்பச் சொல்லணும், எப்பிடிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியல, அதுக்குள்ள என் காத எடுத்து நீட்டுறீங்க."

"நாந்தானே ஒன்னப் பெத்தேன்?"

"பெத்தீங்க. வெட்டி ஒட்டலயே."

பலகைக்கு அந்தப் பக்கம் வாளின் சத்தம் நின்றது. அன்று மாலை வரை அது மறுபடி கேட்கவில்லை.

இரண்டாவது இடத்தை ஹட்டனிலிருந்து என் கணவர் வழியில் கொண்டுவந்தோம். பையன் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மகளுக்குப் படத்தைப் பார்த்ததுமே பிடித்திருந்தது. அதை மறைக்க அவள் பட்ட பாட்டிலேயே எனக்குத் தெரிந்தது. அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். காதைப் பற்றி அம்மா வாயைத் திறக்கக் கூடாது. கல்யாணம் பேசி முடிப்பதற்குள் அவளே பையனிடம் சொல்லிவிடுவாள். அக்கா சாமி படத்துக்கு முன் சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "தங்கச்சி, நீ என் பக்கத்துலயே உக்காந்துக்க. நான் வாயத் தொறந்தா கிள்ளு" என்றார்.

பஜாருக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய வீட்டில் அவர்கள் இருந்தார்கள். நாற்காலிகளைப் போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பெண்ணின் வலப்பக்கம் தையல் மெஷின் வருமாறும், பையனும் அவருடைய அம்மாவும் இடப்பக்கம் உட்காருமாறும் போட்டேன். உட்கார்ந்து பார்த்தேன். இடப்பக்கமிருந்து யார் என்ன கேட்டாலும் அவளுக்குக் கேட்கும். எல்லாம் சரியாக இருந்தது.

அவர்கள் இருவர் மட்டுமே வந்தார்கள். உட்கார்ந்து வடையைக் கையில் எடுத்த நேரத்தில் மழை பிடித்தது. தகரத்தின் மேல் கொட்டுகிற மழையில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே பாதிதான் கேட்கும். கூரையில் ஓர் ஒழுக்கு இருந்தது. அது சரியாகப் பையனின் நாற்காலிக்கு மேலே சொட்டியது. யாரும் எழுவதற்குள் அவரே சிரித்துக்கொண்டு எழுந்து, பெண்ணின் பின்னால் சுற்றிப் போய், தையல் மெஷினின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். வலப்பக்கம்.

பெண் அப்போது குனிந்து, சொட்டும் இடத்தில் ஒரு சட்டியை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததும் பையன் மெதுவாக, "நுவரெலியாவுக்கு தெனமும் பஸ்ஸுலதான் போறீங்களா?" என்று கேட்டார்.

அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மறுபடி கேட்டார். பதில் இல்லை. பையனின் முகம் சிவந்தது. அவருடைய அம்மா மெல்லுவதை நிறுத்தினார். நான் முந்திக்கொண்டு, "புள்ளைக்கு வெக்கம்" என்றேன். அது அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சமும் பொருந்தாத சொல். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"வெக்கமா?" என்றார் பையனின் அம்மா. "கேட்டதுக்கு ஒரு வார்த்த சொல்லலாமே. எங்க பையனும் படிச்சவன்தான்."

அந்த இடத்திலேயே எல்லாம் முடியப்போகிறது என்று நினைத்தேன். பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் எழுந்துவிடுவார்கள். அக்கா வாயைத் திறந்தால் காப்பாற்றிவிடலாம். திறந்தால் மகள் மறுபடி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். உதடுகளை உள்ளே மடக்கிக் கடித்திருந்தார். சேலைத் தலைப்பு கையில் கயிறாக முறுக்கேறியிருந்தது. கண் நிறைய வார்த்தை இருந்தது. நான் கிள்ள வேண்டியிருக்கவில்லை. அவர் சொல்லவில்லை.

மகள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"நீங்க எப்ப இந்தப் பக்கம் வந்தீங்க?" என்றாள். "அங்க உக்காந்தா எனக்குக் கேக்காதுங்க. வலது காது கேக்காது. சின்னதுல காய்ச்சல்ல போனது. இந்தப் பக்கம் வந்து கேளுங்க."



"அப்ப அந்தக் காது?" என்று பையனின் அம்மா கேட்டார்.

"இது நல்லாக் கேக்குங்க. பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் கேக்கும்."

பையன் எழுந்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். சட்டிக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவே அதைப் போட்டு உட்கார்ந்தார். ஒழுக்கு அவர் தோளில் தெறித்தது. "பஸ்ஸுலதான் போறீங்களான்னு கேட்டேன்" என்றார்.

"ஆமாங்க. ஏறலாம், உக்கார முடியாது."

அவர் அதற்கு ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். பையனின் அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலிருந்து எதையும் என்னால் படிக்க முடியவில்லை. அப்போது பக்கத்தில் அக்கா தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"அம்மா" என்றாள் மகள்.

"ஒன்னப் பத்தி இல்ல, நீ பேசு." பையனின் அம்மா பக்கம் திரும்பினார். "வடையில உப்பு கூடிப்போச்சுங்க. காலையில இருந்து வாய மூடி மூடிப் பழகினதுல புத்தி எங்கயோ போயிருச்சு. ரெண்டு தடவ போட்டுட்டேன். கடையில வாங்கினது இல்ல, நாந்தான் சுட்டேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாயில வச்சப்பவே தெரிஞ்சுச்சு" என்றது அந்த அம்மாவின் குரல். "வந்த எடத்துல சொல்லக் கூடாதுன்னு முழுங்கிக்கிட்டு இருந்தேன்."

கண்ணைத் திறந்தேன். அவர் மகனையும் அந்தப் பெண்ணையும் இன்னொரு முறை பார்த்தார். அவர்கள் இன்னும் பஸ்ஸைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டைத் தன் பக்கம் இழுத்து மறுபடி ஒரு வடையை எடுத்தார்.

"தண்ணி மட்டும் இன்னொரு கிளாஸ் குடுங்க, சம்மந்தி."